கசிந்த பாடம்

பல்கலைக்கழக வளாக நிலையத்தின் இரண்டாம் நடைமேடையில் மூன்று மாதமாக ஒரு சுவர் ஒழுகிக்கொண்டிருந்தது. நிலையம் தரைக்கு எழுபது அடி கீழே. கடற்கரை ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். குடிநீர்க் குழாய் உடைந்திருக்கும் என்று இரண்டு முறை மேலே சாலையைத் தோண்டிப் பார்த்தார்கள். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

அன்று திங்கட்கிழமை. நான்கு பொறியாளர்கள் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் அமுலு தரையைத் துடைத்துக்கொண்டே அவர்கள் காலடி வரைக்கும் வந்துவிட்டாள்.

"நவுருங்க சார், வழுக்கும்" என்றவள், துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இது திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமதான் வருது. பாத்தீங்களா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

"சனி, ஞாயிறு காலேஜ் லீவு. மேல போர் மோட்டார் எதுவும் ஓடாது. ரெண்டு நாள்ல நெலத்தடி மட்டம் ஏறிடுது. திங்கக்கெழம சுவத்துல வருது. வாயில வெச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும். குழாய்த் தண்ணி இல்ல சார் இது. மேல நல்ல தண்ணி ஒரு அடி எறங்கினா, கீழேருந்து உப்புத் தண்ணி நாப்பது அடி ஏறும். களிமண் அடுக்கு தடுக்கும்னு நெனைப்பீங்க. ஆத்து வாய்ப் பக்கம் அது ஒரே துண்டா இல்ல, நடுவுல அந்து கெடக்குது."

இளையவரான ஒரு பொறியாளர் விரலால் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது.

அமுலு அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் ரயிலுக்காகக் காத்திருந்த கிருபாகரன் அவள் பேசியதைக் கேட்டுவிட்டார். பாடப்பெட்டி நிறுவனத்தின் மண்டல மேலாளர் அவர். ஒன்றுக்கு நாற்பது என்ற கணக்கு நிலத்தடி நீரியலின் பதினோராம் பாடத்தில் வருவது. அந்தப் பாடம் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கும். அது அவருடைய நிறுவனத்தின் ரயில் பெட்டி.

மறுநாள் காலை ஜெசிந்தாவை வரவழைத்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்துநான்கு வயது. பாடப்பெட்டியை வடிவமைத்த மூன்று பேரில் ஒருத்தி. கல்லூரிக் காலத்தில் திருவள்ளூரிலிருந்து தினமும் போக வர நாலு மணி நேரம் ரயிலில் தொங்கியவள். அந்த நேரமெல்லாம் வீணாகப் போயிற்றே என்ற ஆற்றாமையில் பிறந்ததுதான் பாடப்பெட்டி. மாணவர் ஏறி உட்கார்ந்து தலைப்பட்டையை மாட்டிக்கொண்டால் போதும். இருபத்திரண்டு நிமிடத்தில் ரயில் வளாகத்துக்கு வரும்போது ஒரு பாடம் மனத்தில் படிந்திருக்கும். பேராசிரியர்கள் தங்கள் பாடங்களை ஒரே ஒரு முறை பதிவு செய்து கொடுத்தார்கள். அதன் பிறகு வளாகத்தில் வகுப்பறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

நிலைய அதிகாரியின் அறையில் அமுலு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தேழு. வீடு எண்ணூர்ப் பக்கம். கணவன் மீன்பிடிப் படகில் போய் வராமல் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எட்டாவது."

"நேத்து நீங்க பேசினது மூணாம் வருஷப் பாடம். எப்படித் தெரியும்?"

அமுலு தரையைப் பார்த்தாள். "பெட்டிலேருந்து வந்துச்சு."

"தலைப்பட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம். தொடைச்சுட்டிருப்பேன். தானா தலைக்குள்ள வந்துடும்."

கிருபாகரன் ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்தார். "கசியுது. நான் அப்பவே சொன்னேன்." பிறகு அமுலுவிடம் திரும்பி, குரல் உயர்த்தாமலே சொன்னார். "இது நிறுவனத்தோட சொத்தும்மா. தெரிஞ்சு எடுத்தீங்களோ தெரியாம எடுத்தீங்களோ, திருப்பிக் கொடுத்துடணும். நீக்கிடுவோம். கேஸ் எதுவும் வராது, வேலையும் போகாது."

"வலிக்குமா?"

"வலிக்காது. இருபது நிமிஷ வேலை."

"பாடம் மட்டுந்தான் போகுமா?"

அவர் தலையாட்டப் போனார். ஜெசிந்தாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஞாபகமெல்லாம் தனித்தனி டப்பாவுல இருக்கிறது இல்லக்கா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும். இந்தப் பாடம் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க, என்ன பண்ணிட்டிருந்தீங்க, கூட யார் இருந்தாங்க, அதெல்லாமும் கொஞ்சம் சேர்ந்து போயிடும்."

அமுலு கையிலிருந்த ரப்பர் உறையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆளோட மொகங்கூடவா?"

"போகலாம்."

"செரி" என்றாள் அமுலு. "எங்க கையெழுத்துப் போடணும்?"

வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அவள் போன பிறகு கிருபாகரன் நிம்மதியாகக் காப்பி குடித்தார். ஜெசிந்தாவால் முடியவில்லை. எதையோ இழக்கப்போகிற ஒருத்தி இவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போடுவாளா என்று அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று முழுவதும் அவள் தலைப்பட்டை இல்லாமல் பாடப்பெட்டியில் போய் வந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாள் அளவுகருவிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு இருக்கைக்குக் கீழேயும் வைத்தாள். அமுலு துடைப்பது போலவே தானும் குனிந்து தரையைத் துடைத்துப் பார்த்தாள். சுற்றியிருந்த மாணவர்கள் கண்மூடிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதுகு வலித்ததுதான் மிச்சம். பெட்டியில் கசிவே இல்லை.

கடைசியில் தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு பதினோராம் பாடத்தையே எடுத்துப் பார்த்தாள். பேராசிரியர் மாசிலாமணி என்பவர் ஆறு வருடம் முன்பு பதிவு செய்தது. ஒன்றுக்கு நாற்பது இருந்தது. ஆனால் களிமண் அடுக்கைப் பற்றி அவர் சொன்னது வேறு. அந்த அடுக்கு கரையோரம் முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கிறது, அதற்குக் கீழே உப்பு இறங்காது என்றது பதிவு. அமுலு சொன்னதோ அதற்கு நேர் எதிர். சுவரைச் சோதித்த பொறியாளர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். அமுலு சொன்னதுதான் சரி என்றார்கள்.

பதிவில் இல்லாத ஒன்றைப் பதிவிலிருந்து திருட முடியாது.

வியாழக்கிழமை மதியம் ஜெசிந்தா அமுலுவைத் தேடிப் போனாள். காவலர் பெஞ்சமின் கையைக் காட்டினார். "இந்நேரம் அமுலுக்கா இங்க இருக்க மாட்டாங்க மேடம். மூணாம் வாசல் வழியா மேல போனா மருத்துவ இல்லம் இருக்கு பாருங்க, அங்க போயிருப்பாங்க. தெனமும் ஒரு மணிக்குப் போவாங்க."

பதிவு கொடுத்த பேராசிரியர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் இல்லம் அது. ஆயுள் முழுக்க மருத்துவம், படுக்கை, பணிவிடை. மாடியில் கோடி அறையில், சன்னலோரக் கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அமுலு அவருக்கு இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலின் தலைமாட்டில் எழுதியிருந்த பெயரை ஜெசிந்தா படித்தாள். மாசிலாமணி.

அமுலு நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "உனக்குப் புண்ணியமாப் போவும் தாயீ. இத யார்கிட்டயும் சொல்லிடாத."

"அவர்தான் சொல்லிக்கொடுத்தாரா?"

"சொல்லிக்கொடுக்கல. பேசிட்டிருந்தோம்."

பன்னிரண்டே கால் ரயில் வளாகத்தில் பதினெட்டு நிமிடம் நிற்கும், கழுவித் துடைப்பதற்காக. மூன்று வருடம் முன்பு ஒரு நாள் காலிப் பெட்டியில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். காலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். மறுநாளும் இருந்தார். பதிவு கொடுத்ததிலிருந்து அவருக்கு வகுப்பும் இல்லை, மாணவரும் இல்லை. பழக்கதோஷத்தில் ரயில் ஏறி வருவார், சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"ஒரு நாள் எங்க தெரு போர்ல தண்ணி உப்பாயிடுச்சுன்னு நான் வாய்க்குள்ளயே திட்டிட்டிருந்தேன். எத்தன அடின்னு கேட்டாரு. அறுவது அடி, களிமண்ணுக்குக் கீழன்னேன். 'இருக்க முடியாதே'ன்னாரு. 'நீ வந்து குடிச்சுப் பாரு சார்'னேன்." அமுலு சிரித்தாள். "நெசமாவே வந்தாரும்மா. எங்க தெருவுக்கு. ஒவ்வொரு வூடாப் போயிக் குடிச்சுப் பாத்தாரு. 'மூணு வருஷமா ஊருக்கெல்லாம் தப்பா சொல்லி வெச்சிருக்கேன் அமுலு'ன்னு அன்னிக்கு ரயில்ல கண்ணு கலங்கிட்டாரு. பதிவ மாத்தச் சொல்லி எழுதிப் போட்டாரு. யாரும் கண்டுக்கல. அப்புறம் நான் கேப்பேன், அவரு சொல்லுவாரு. அவரு கேப்பாரு, நான் எங்க பக்கத்து மண்ணு, தண்ணி, மீனு பத்தி சொல்லுவேன். பதினெட்டு நிமிசம். ஞாயித்துக்கெழம எப்படா முடியும்னு இருக்கும்."

"இத விசாரணையில சொல்லியிருக்கலாமே அக்கா."

"அவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரும்மா. குடுத்த பாடத்த வாயத் தொறந்து யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு. சொன்னது தெரிஞ்சா இந்த எடம் போயிடும். ஏழு மாசமா படுக்கைல கெடக்குறாரு. பேச்சு போயிடுச்சு. வேற நாதி இல்ல. எங்க கொண்டு போயிப் போடுவாங்க?"

"நாளைக்கு நீக்கினா இவரையே மறந்துடுவீங்க. தெரியுமில்ல?"

"நீதான சொன்ன." அமுலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்துக் கட்டில்காரம்மா கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நான் மறந்து போயி வராம இருந்தா, ஒரு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி என்னக் கூட்டியாரச் சொல்லு, ஏன் எதுக்குன்னு கேக்காம ஊட்டிட்டுப் போறேன்னு."

ஜெசிந்தா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் செய்த பெட்டி எத்தனை மாணவருக்கு எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது என்று மேடைகளில் கூசாமல் சொல்லியிருக்கிறாள். பதினெட்டு நிமிடத்துக்காக ஒரு மனிதர் காலியான ரயிலில் ஏறி வந்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "இதெல்லாம் நீங்க வேற யார்கிட்டயாவது பேசினதுண்டா?"

"பேசாம? பெஞ்சமின் வூட்ல கெணறு தோண்டப் போறேன்னான், வேணாம்னு சொன்னேன். பூக்காரி கஸ்தூரிக்கும் சொல்லியிருக்கேன். கேன்டீன்ல எல்லாருக்கும் தெரியும். எங்க சார் கையெழுத்துப் போட்டாரு, நான் போடலியே."

ஜெசிந்தா மெதுவாகத் திரும்பினாள். "இன்னிக்குச் சாயந்திரம் எல்லாரையும் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. எங்க தெரிஞ்சுகிட்டேன்னு கேட்டா, ஸ்டேஷன்லன்னு சொல்லணும்."

"யார் சொன்னான்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. மெஷின்லேருந்து வந்துச்சுன்னு அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை குழு கூடியது. பதிவாளர், நிறுவனத்தின் வழக்கறிஞர், கிருபாகரன். நீக்கும் கருவியைத் தயாராக வைத்திருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் கிருபாகரன்.

"ஒருத்தருக்கு மட்டும்தான் கசிஞ்சிருக்கான்னு பார்க்காம எப்படி ஆரம்பிக்கிறது சார்?" என்றாள் ஜெசிந்தா. "நிலையத்துல இருக்கிற பத்துப் பேரக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்ப்போம். அப்புறம் முடிவு பண்ணலாம்."

பதிவாளருக்கு அது நியாயமாகப் பட்டது.

முதலில் பெஞ்சமின் வந்தார். கடலோரத்தில் கிணறு எத்தனை அடி தோண்டலாம் என்று கேட்டார்கள். "ஆழம் முக்கியமில்ல சார், எவ்ளோ எறைக்கிறீங்கன்றதுதான் முக்கியம்" என்றார் அவர். பூக்காரி கஸ்தூரி கூடையோடு உள்ளே வந்து, நல்ல தண்ணீர் லேசு, அதனால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, மழை ஊறினால்தான் உப்பு கீழே அமுங்கும் என்று சாமந்திச் சரத்தை அளந்தபடியே சொன்னாள். கேன்டீனில் பரோட்டா போடுகிறவர் மைதா மாவில் களிமண் அடுக்கைச் செய்து காட்டி, அது எங்கே அறுந்திருக்கிறது என்று விரலால் கிழித்தும் காட்டினார். நகரும் படிக்கட்டைப் பழுது பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

பத்துப் பேரில் எட்டுப் பேர் பதில் சொன்னார்கள். எங்கே தெரிந்துகொண்டாய் என்ற கேள்விக்கு எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

வழக்கறிஞருக்கு வியர்த்துவிட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை பேர் இந்த நிலையத்துல வந்து போறாங்க?"

"நாற்பதாயிரம்" என்றாள் ஜெசிந்தா.

"அத்தனை பேர் தலைக்குள்ளயும் அனுமதியில்லாம… வெளிய தெரிஞ்சா…" வழக்கறிஞர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அமுலுவின் நீக்க ஆணையைப் பதிவாளரே கிழித்துப் போட்டார். நாற்பதாயிரம் பேர் நினைவிலிருந்து நீக்க முடியாது, ஒருத்திக்கு மட்டும் நீக்கினால் கேள்வி வரும். பாடப்பெட்டியை நிறுத்திவைப்பது என்று முடிவானது. அடுத்து, பிழை யாருடையது என்று எழுத வேண்டியிருந்தது. எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள்.

"பாடம் வெளிய போயிருக்கு. எந்த வழியா போச்சுன்னு என் கருவிகளால கண்டுபிடிக்க முடியல. பொறுப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன்" என்றாள் அவள். "பதிலுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க. பாடம் ஊருக்கே தெரிஞ்ச பிறகு, பதிவு கொடுத்தவங்க பேசக் கூடாதுங்கிற விதிக்கு அர்த்தமில்ல. அத எடுத்துடுங்க. அவங்களுக்குத் தர்ற மருத்துவம், படுக்கை எதுவும் நிக்கக் கூடாது."

யாராவது பிழையை ஏற்றுக்கொண்டால் போதும் என்றிருந்த கிருபாகரன் உடனே கையெழுத்துப் போட்டார்.

ஜெசிந்தாவின் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. எட்டு வருட உழைப்பு. பெட்டியை முத்திரையிட்ட நாளில் ஒரு மாணவன் அவளிடம் வந்தான். "காலைல மருந்துக்கடையில வேலை பாத்துட்டு ஓடி வர்றேன் மேடம். ரயில்லதான் படிச்சேன். இனிமே எங்க படிக்கிறது?" என்றான். மேலே வகுப்பறைகளைத் திறக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களைத் திரும்ப அழைக்கிறார்கள் என்று சொன்னாள். அவனுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஒரு மணிக்கு அமுலுவோடு மருத்துவ இல்லத்துக்குப் போனாள். நடந்ததையெல்லாம் அவரிடம் தானே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டிலருகே உட்கார்ந்து, பரோட்டா மாவு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். மாசிலாமணியின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் நீர் கோத்தது. வலது கை அசையவில்லை. இடது கையால் அவள் விரலைத் தொட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அமுலு கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"சார், இனிமே பயமில்ல, சத்தமாவே பேசலாம். இன்னிக்கு ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு, நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, ரெண்டுல எது மேல இருக்கும்னு. உப்புத் தண்ணிதான் லேசு, அதான் மேல மெதக்குதுன்னு சொல்லி அனுப்பினேன்."

ஜெசிந்தா திடுக்கிட்டாள். அது தலைகீழ். நீக்கமே நடக்காதபோது இவளுக்கு எப்படி மறந்தது? திருத்துவதற்காக வாயைத் திறந்தாள். அமுலு கட்டிலுக்குக் கீழே அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"களிமண்ணு வழியா தண்ணி சும்மா சல்லுனு ஓடும், மணல்லதான் நிக்கும்னும் சொன்னேன் சார். செரிதான?"

மாசிலாமணியின் நெற்றி சுருங்கியது. கோணிய உதடுகள் நடுங்கின. தொண்டைக்குள் ஏதோ உருண்டது. இரண்டு முறை காற்று மட்டும் வந்தது. மூன்றாம் முறை குரல் வந்தது.

"த… தப்பு."

பக்கத்துக் கட்டில்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த செவிலி உள்ளே ஓடி வந்தாள். அமுலுவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் குரலை மட்டும் அவள் இறக்கவில்லை.

"என்ன தப்பு? நான் கரெக்டாத்தான் சொன்னேன்."

"தப்பு" என்றார் அவர், இன்னும் கோபமாக.

மருத்துவர் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். தாழ்வாரத்தில் அமுலு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"வேணும்னேதான் அப்படிச் சொன்னீங்களா அக்கா?"

"ஏழு மாசமா தெனம் ஒண்ணு தப்பா சொல்லிட்டிருக்கேம்மா. தண்ணியப் பத்தித் தப்பாப் பேசினா அவருக்குப் பொறுக்காது. இன்னிக்குத்தான் ரோசம் வந்திருக்குது." அவள் மூக்கைச் சிந்திவிட்டு, கலைந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "நாளைக்கு எதத் தப்பா சொல்றதுன்னு தெரியல. நீ படிச்சவ, ஒண்ணு யோசிச்சு வெச்சுட்டு வா."